சித்தூர்க் குளிரும் ஒரு போர்வையும்

நம் சங்கத்து இதழைப் படிக்கும் அன்பர்களுள் பலர், பனி முழங்கால் அளவு கொட்டும் நாடுகளிற் குடியிருக்கின்றனர். அவர்களிடம் சித்தூர்க் குளிரைப் பற்றிப் பேசுவது, கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலாகும். எனினும் எங்கள் ஊருக்கும் ஒரு குளிர்காலம் உண்டு. அது கார்த்திகையில் மெல்ல எட்டிப் பார்க்கும். மார்கழியில் வந்து அமரும். தைப் பொங்கலன்று போகியில் எரிந்த பழம்பாயோடு தானும் பாதி எரிந்துபோகும். அக்குளிரிலே நான் முதன்முதலாக ஒரு போர்வை பின்னினேன். அப்போர்வைக்காகத் திருப்பதிக்கும் திருமலைக்கும் ஒரு பயணம் செய்தேன். அவ்விரண்டையும் சேர்த்தே இங்கு எழுதுகின்றேன்.

சித்தூர், காட்பாடிக்கு வடக்கே, புகைவண்டியில் ஒரு மணி நேரத்துக்குள் அடையக்கூடிய ஊர். முன்னாளில் வடார்க்காட்டு மாவட்டத்துக்கு இதுவே தலைநகர். 1911இல் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதனோடு சேர்ந்தது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது, சித்தூர் திரும்பவில்லை. 2022 ஏப்ரலில் திருப்பதியும் தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டது. ஆகவே, இங்குள்ள தமிழ்க் குடும்பங்களிற் பல, வீட்டை விட்டு ஓரடியும் நகராமலே வெளிமாநிலத்தார் ஆனவை. எங்கள் குடும்பமும் அவற்றுள் ஒன்று. உண்மையாகவே நகர்ந்து சென்றவள் என் தங்கை ஒருத்திதான். அவள் மணமாகிக் கனடா நாட்டுத் தொரந்தோ நகருக்குச் சென்று ஐந்தாண்டுகள் ஆகின்றன.

அவள் புறப்பட்ட நாளில், சென்னை விமான நிலையம் வரை என்னை வரும்படி அழைத்தாள். அந்தத் திருமணத்தில் எனக்கு அவ்வளவாக விருப்பம் இருக்கவில்லை. “ரயில்வேயில் லீவு கிடைக்காது” என்று சொல்லிவிட்டேன். விடுப்பு இருந்தது, மனந்தான் இல்லை. அது அவளுக்கும் தெரியும். அதன் பிறகு அவள் அம்மாவிடம் வாரந்தோறும் பேசுவாள், என்னைப் பற்றி, “அண்ணன் சுகந்தானா?” என்று ஒரு வரி கேட்பதோடு நின்றுவிடுவாள். நானும், “சுகம் என்று சொல்லுங்கள்” என்று ஒரு வரி அனுப்புவேன்.

சென்ற ஐப்பசியில், அவளுக்கு மாசி மாதத்தில் குழந்தை பிறக்கும் என்ற செய்தி வந்தது. அம்மா உடனே தம் பழைய தகரப் பெட்டியைத் திறந்து ஒரு கொக்கி ஊசியை எடுத்தார்கள். பெண்கள் பள்ளியிற் படித்த காலத்தில் குரோஷாப் பின்னல் கற்றவர்கள் அவர்கள். எங்கள் வீட்டு வானொலிப் பெட்டிக்கும், பின்னர்த் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் வெள்ளை நூலால் உறை பின்னியவர்கள். ஆனால் இப்போது விரல் மூட்டுக்கள் வீங்கியிருக்கின்றன. கண்ணிற் புரை விழுந்திருக்கின்றது. நாலு சங்கிலி போடுவதற்குள் ஊசி நழுவியது. சிறிது நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சரி, கடையில் ஒன்று வாங்கி அனுப்பு” என்றார்கள். அந்தக் குரல் எனக்குப் பொறுக்கவில்லை. “சொல்லிக் கொடுங்கள், நான் பின்னுகின்றேன்” என்று சொல்லிவிட்டேன். என் மனைவி சிரித்தாள். ஒன்பது வயதான என் மகள், “அப்பாவா?” என்று கேட்டாள்.

குளிர்நாட்டுக் குழந்தைக்கு ஏற்றதாகப் பனிப் பூக்கள் கொண்ட போர்வையே பின்னுவது என்று முடிவு செய்தோம். அமெரிக்காவில் அச்சான ஒரு சிறு மாதிரிப் புத்தகம் கிடைத்தது. நீல நிலத்தில் வெள்ளை நட்சத்திரம்போல அமைந்த ஆறுகோணத் துண்டு. எங்கள் வீட்டில் அதற்குப் ‘பூ’ என்று பெயர். ஒரு பூ 15 சென்டிமீட்டர் அகலம். வரிசைக்கு 6 பூக்களாக 8 வரிசை வைத்தால், 48 பூக்கள். குழந்தைப் போர்வைக்கு அது போதும். கம்பளி நூல் பிள்ளை உடம்பிற் குத்தும் என்பதால், எளிதில் துவைக்கத்தக்க ஆக்ரிலிக் நூலும், 4 மில்லிமீட்டர் ஊசியும் வாங்கினேன்.

பனித்துகளுக்கு ஏன் ஆறு முனை என்று மகள் கேட்டாள். கெப்ளர் என்னும் வானநூற் புலவர் 1611இல் இக்கேள்வியைப் பற்றி ஒரு சிறு நூலே எழுதினார். அவருக்கும் முழு விடை அகப்படவில்லை. நீரின் நுண்கூறுகள் உறையும்போது அறுகோண ஒழுங்கிற் கைகோத்துக்கொள்வதே அதன் காரணம் என்பது பிற்காலத்தார் கண்டது.

பின்னும் முறை இதுதான். முதலில் ஆறு சங்கிலி போட்டு வளையமாக இணைக்க வேண்டும். அவ்வளையத்துள் 12 பின்னல்கள். அடுத்த சுற்றில் 24, அதற்கடுத்து 36, பின்பு 48. ஒவ்வொரு சுற்றிலும் ஆறு மூலைகளிலும் இவ்விரண்டு கூடிக்கொண்டே போகும். கூடுவது குறைந்தால் துண்டு கிண்ணம்போலக் குழியும். மிகுந்தால் ஓரம் நெளிந்து எழும். கணக்குப் புத்தகத்தோடு பழகிய எனக்கு இது பெரிதாகத் தோன்றவில்லை. ஒன்பது இரவுகளில் 11 பூக்கள் முடித்தேன்.

பதினொன்றும் பொரித்த அப்பளம்போல் நெளிந்து நின்றன. ஒன்றோடொன்று இணைத்தால் படிந்துவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எதிர்வீட்டில் ஓய்வு பெற்ற தையலாசிரியை ஒருவர் இருக்கின்றார், தெலுங்கர், நன்றாகத் தமிழ் பேசுவார். தெருவில் அனைவருக்கும் அவர் டீச்சரம்மா. அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு பூவை இழுத்துப் பார்த்தார்; புத்தகத்தைப் பார்த்தார்; “விப்பேயண்டி” என்றார். அவிழ்த்துவிடுங்கள் என்பது அதன் பொருள்.

பிழை என்னவென்றால், ஒரே பெயருக்கு இரு நாட்டார் இரு பொருள் வைத்திருக்கின்றனர். ஆங்கிலேயர் ‘டபுள் குரோஷே’ என்பது தாழ்ந்த பின்னல். அமெரிக்கர் அதே பெயரால் குறிப்பது அதனினும் உயர்ந்த பின்னல். அம்மா பள்ளியிற் கற்றது ஆங்கிலேயர் வழக்கு. என் புத்தகமோ அமெரிக்க வழக்கு. உயரப் பின்னலுக்கு உரிய எண்ணிக்கையைத் தாழ்ந்த பின்னலில் திணித்தேன். ஆகவே ஓரம் இடம் போதாமல் நெளிந்தது. அம்மா சொன்னதும் சரி, புத்தகம் சொன்னதும் சரி. இரண்டையும் ஒப்பிட்டுப் பாராமல் நடந்தவன் நான்.

ஒன்பது இரவு வேலை அரை மணி நேரத்தில் நூலாகிவிட்டது. மகள் ஒரு நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டு கூடம் முழுதும் ஓடினாள். அவிழ்த்த நூல் சுருண்டு கிடந்தது. டீச்சரம்மா சொன்னபடி அதைச் சிட்டமாகச் சுற்றி, நனைத்து, கொடியில் உலர்த்தியபின் நேரானது. பின்னலில் இது ஒரு நன்மை. நெசவுத் துணியிலே கத்திரி தவறினால் தவறியதுதான். இதிலோ, பிழைத்த இடம் வரை பிரித்து, அங்கிருந்து மீண்டும் தொடங்கலாம். ஆனால் பிரிக்க மனம் வரவேண்டும்.

டீச்சரம்மா வாயிலாக இக்கைத்தொழிலின் வரலாறும் சிறிது அறிந்தேன். குரோஷே என்பது சிறு கொக்கி என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல். அயர்லாந்தில் 1840களிற் பெரும்பஞ்சம் வந்தபோது, பல ஏழைக் குடும்பங்களுக்குக் கஞ்சி வார்த்தது இக்கொக்கி. நம் நாட்டிலும் மிஷன் பெண்மணிகளே லேஸ் வேலையைப் பரப்பினர். நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் 1820 வாக்கிற் பெண்களுக்கு அதைக் கற்பித்தார். அவர் மகள் எலிசா, கால்டுவெல் ஐயரை மணந்து, இடையன்குடியில் அத்தொழிலை வளர்த்தார். அது திண்டின்மேல் நூற்கட்டைகளைக் கொண்டு பின்னும் முறை. கொக்கிப் பின்னலுக்குப் பேர்போன இடம், கோதாவரிப் பக்கத்து நரசாப்பூர். அங்குள்ள லேஸ் அயல்நாட்டுக் கடைகளுக்குச் செல்வது. ஆயினும் அதைப் பின்னிய பெண்கள் ‘வீட்டிற் சும்மா இருப்பவர்கள்’ என்றே எண்ணப்பட்டு, மிகச் சிறிய கூலி பெற்றனர் என்பதை மரியா மீஸ் என்னும் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் 1982இல் ஒரு நூலாக எழுதினார். நரசாப்பூர் லேசுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சென்னையிலோ, 2016 ஜனவரி 31 அன்று, ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ என்ற பெண்கள் குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள போர்வையை விரித்து உலகச் சாதனை படைத்தனர். ஏறத்தாழ இரண்டே முக்கால் ஏக்கர்! பிறகு அதனைப் பிரித்து, ஏழைகளுக்குப் போர்வைகளாக வழங்கினர். இவ்வளவையும் கேட்டபின், எங்கள் வானொலி உறையை நான் பழைய கண்ணாற் பார்க்கவில்லை.

மார்கழி பிறந்தபோது 30 பூக்கள் ஆகியிருந்தன; நீல நூல் தீர்ந்துவிட்டது. சித்தூர்க் கடைவீதியில் அந்நிறம் அகப்படவில்லை. அம்மாவுக்கும் மலைக்குப் போகவேண்டும் என்ற விருப்பம் இருந்தது. ஆகவே ஒரு சனிக்கிழமை விடியற்காலை, அம்மா, மகள், நான் மூவரும் திருப்பதி வண்டி ஏறினோம்.

சித்தூரிலிருந்து திருப்பதி ஏறத்தாழ 70 கிலோமீட்டர். வண்டி முதலில் பாகாலா சந்திப்புக்குச் செல்கின்றது. அங்கே ஒரு பாதை தருமாவரத்தை நோக்கிப் பிரிகின்றது. மற்றொன்று கிழக்கே திருப்பதிக்குத் திரும்புகின்றது. இருபுறமும் மாந்தோப்புக்கள், நடுநடுவே யானை படுத்தாற்போன்ற கரும்பாறைகள், வெல்லம் காய்ச்சும் கொட்டகையிலிருந்து வரும் இனிய புகைநாற்றம். தோப்பின்மேல் மூடுபனி, தயிரின் ஆடைபோலப் படிந்திருந்தது. நான் கைப்பையிலிருந்து ஊசியை எடுத்தேன். எதிரில் இருந்த குடியானவப் பெரியவர் வெகுநேரம் கூர்ந்து பார்த்துவிட்டு, “மீன் வலையா?” என்று தெலுங்கிற் கேட்டார். போர்வை என்றேன். பையிலிருந்த பூ ஒன்றை வாங்கி விரலால் தடவி, “ஓட்டைகள் இருக்கின்றனவே, குளிர் புகாதா?” என்றார். அந்த ஓட்டைகளில் தங்கும் காற்றுத்தான் சூட்டைக் காக்கும் என்று விளக்கினேன். அவர் முழுதும் நம்பியதாகத் தெரியவில்லை. தம் கம்பளியை இன்னும் இறுகப் போர்த்திக்கொண்டார்.

சந்திரகிரி வந்ததும், மலையடிவாரத்துக் கோட்டையை மகளுக்குக் காட்டினேன். விசயநகர அரசின் கடைக்காலத் தலைநகரங்களுள் அதுவும் ஒன்று. சந்திரகிரி அரசருக்கு அடங்கிய நாயக்கரிடமிருந்தே 1639இல் ஆங்கிலக் கம்பெனியார் சென்னையிற் கோட்டை கட்ட நிலம் பெற்றனர். ராஜமகால் என்னும் அரண்மனை இன்றும் நிற்கின்றது. அதற்கப்பால், சேஷாசல மலைத்தொடர் நீலமாகத் தெரிந்தது. “அப்பா, நம்முடைய நூல் நிறம்!” என்றாள் மகள்.

அந்த நிறந்தான் கிடைக்கவில்லை. திருப்பதி காந்தி வீதியில் மூன்று கடை ஏறி இறங்கினோம். ஒரு கடையில் அதே நூல், அதே எண். ஆனால் வெயிலிற் பிடித்துப் பார்த்தால் ஒரு சாயல் வெளுப்பு. கடைக்காரர் மேலட்டையைத் திருப்பிக் காட்டி, “சாயத் தொகுதி எண் வேறு, சார். ஒரு முறை காய்ச்சிய சாயம் மறுமுறை அப்படியே வராது. தொடக்கத்திலேயே முழுவதும் வாங்கிவிட வேண்டும்” என்றார். புதிதாகக் கற்போர் இதனை நினைவில் வைத்துக்கொள்வாராக. வேறு வழியின்றி அதையே வாங்கினேன். கூடவே அம்மா, சிறியதொரு மஞ்சள் நூற்கண்டையும் எடுத்து வைத்தார்கள். “இது எதற்கு?” என்றேன். “இருக்கட்டும்” என்றார்கள்.

மலைமேற் செல்ல அலிபிரியிலிருந்து 3,550 படிகள் கொண்ட நடைபாதை உண்டு. அம்மாவின் முழங்கால் இடம் தராததால் பேருந்திலே சென்றோம். திருமலை, கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் உள்ளது. அடிவாரத்திற் கழற்றிய சால்வையை மேலே போய்த் தேடி எடுக்கவேண்டியிருந்தது. முடி கொடுத்த குழந்தைகள், சந்தனம் பூசிய தலைமேல் துண்டைச் சுற்றிக்கொண்டு, பெற்றோர் மடியிற் சுருண்டிருந்தனர்.

தமிழகத்தின் வடவெல்லை வேங்கடம் என்று பண்டை நூலோர் வகுத்தனர். இன்று எல்லைக்கோடு வேறு. ஆயினும் மார்கழி முழுவதும் அம்மலைக்கோயிலிற் சுப்ரபாதத்துக்கு மாற்றாக ஆண்டாளின் திருப்பாவையே ஓதப்படுகின்றது. இரவு கழியுமுன் எழுந்து, பனி சொட்டும் வெளியில் நின்ற அம்மா அதை நினைத்துக் கைகூப்பினார்கள். பிறகு என் கைப்பையைப் பார்த்து, “ஏண்டா, பனி பனி என்று பின்னுகின்றாயே, நீ அதைப் பார்த்திருக்கின்றாயா?” என்று கேட்டார்கள்.

“இல்லை.”

“உன் தங்கை தினமும் பார்க்கின்றாள். அவளுக்கு அதைக் காட்டவா இவ்வளவு பாடு? அவள் இங்கே பார்த்த மார்கழி என்ன? வாசலிற் கோலமும் பூசணிப் பூவுந்தானே? அதில் ஒன்றாவது இருக்கட்டும்.”

மஞ்சள் நூலின் பொருள் அப்போதுதான் விளங்கியது.

சித்தூர் திரும்பியதும் இன்னொரு சிக்கல் எழுந்தது. 48 பூக்களும் முடிந்தன. ஆனால் ஆறுகோணத் துண்டுகளைச் சதுரம்போல் நேருக்கு நேர் வைத்தால் இடையே பிளவு விழுந்தது. இரண்டு இரவு தரையிற் பரப்பி மாற்றி மாற்றிப் பார்த்தேன். அம்மா நாற்காலியிலிருந்தபடியே, “சாக்குக் கட்டி கொண்டு வா” என்றார்கள். கண் சரியாகத் தெரியாதவர்கள், கை நினைவினாலே புள்ளி வைத்தார்கள். “இது நேர்ப்புள்ளி இல்லையடா, இடைப்புள்ளி. ஏழு வைத்தால் அடுத்தது இடையிலே ஆறு வருமே, அதுபோல.” ஒரு வரிசையை அரைப் பூ நகர்த்தியதும், எல்லாப் பக்கமும் தாமாகப் பொருந்திக்கொண்டன. அமெரிக்கப் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுவதும் படம் போட்டு விளக்கியிருந்ததும் அதுவே. ஊசி பிடிக்க முடியாத கை, அந்தப் போர்வையை அமைத்துக் கொடுத்தது.

நிறம் வேறான 18 பூக்களையும் மறைக்க முயலவில்லை. கரிய நீலத்தைக் கீழே வைத்து, வெளுத்ததை மேலே வைத்தோம். சந்திரகிரி தாண்டும்போது மலைக்கு மேல் வானம் வெளுக்குமே, அவ்வாறு அமைந்தது. ஒரே ஒரு பூவின் நடுவில் மட்டும், வெள்ளைக்குப் பதிலாக மஞ்சள். தை மாதக் கடைசியில், 800 கிராம் எடையுள்ள பொதியாக அதை அஞ்சல் நிலையத்தில் ஒப்படைத்தேன். கடிதம் ஒன்றும் எழுதினேன். “அன்று எனக்கு லீவு இருந்தது” என்பதே அதில் முதல் வரி. அதை எழுதவே ஒரு பூப் பின்னும் நேரம் ஆயிற்று.

பங்குனியில் மறுமொழி வந்தது. பெண் குழந்தை, இருவரும் நலம். தங்கை எழுதியதன் ஒரு பகுதியை அவள் இசைவோடு இங்கே தருகின்றேன்:

“அண்ணா, ஒரு வயது வரை தூங்கும் குழந்தையின் தொட்டிலிற் போர்வை, தலையணை எதுவும் வைக்கக்கூடாது என்று இங்குள்ள மருத்துவர்கள் சொல்கின்றார்கள், மூச்சு முட்டும் என்ற அச்சம். ஆகவே பாப்பாவுக்கு இன்னும் போர்த்தவில்லை. இரவில் எழுந்து பால் கொடுக்கும்போது நான் தோளிற் போட்டுக்கொள்கின்றேன். வெளியே பனி கொட்டுகின்றது. பூக்களை எண்ணினேன். 47 பனி, ஒரு பூசணிப் பூ. அது அம்மாவின் யோசனைதானே? அன்று லீவு இருந்தது எனக்குத் தெரியும். இந்த ஆண்டுக் கடைசியில் நாங்கள் வருகின்றோம். சென்னைக்கு வா.”

விடுப்புக்கு இப்போதே விண்ணப்பம் எழுதி வைத்துவிட்டேன்.

குளிர்நாட்டில் வாழும் அன்பர்களே, உங்கள் இல்லத்திலும் பழைய கொக்கி ஊசி ஒன்று எங்கேனும் கிடக்கக்கூடும். அதைப் பிடித்த கைகளிடம், அவை தளர்ந்துபோகுமுன், ஒரு சங்கிலியேனும் போடக் கற்றுக்கொள்ளுங்கள். முதற் பூ கோணலாகத்தான் வரும், அவிழ்த்துப் பின்னலாம்.